கேப்டன் நடக்காத வழி

ஆட்களைச் சந்தேகப்படுவதில் நான் கெட்டிக்காரன் என்று வளைகுடாவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. சர்வே வேலைக்கு அது நல்ல பெயர்தான். தம்மாமில் ஒரு சைட்டில், மூன்று மாதமாக எல்லோரும் உயரம் கணக்கிட நம்பியிருந்த ஒரு கான்கிரீட் தூணை முதல் நாள் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. அதன் அடியில் மண் புதிதாகக் கிளறினாற்போல் இருந்தது. விசாரித்தால், ஒரு லாரி அதை இடித்திருக்கிறது. டிரைவர் பயந்துபோய் நிமிர்த்தி வைத்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறான். அன்றிலிருந்து எனக்குள் ஒரு கர்வம் ஏறிக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும் அதில் எங்கே ஓட்டை என்று பார்ப்பேன். பெரும்பாலும் ஒரு ஓட்டை இருக்கவும் செய்யும்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களிடம் அந்தக் கர்வத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கருவிகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நீங்கள் ட்ரோன் பறக்கவிடுகிறவர்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். அபுதாபிக்கு மேற்கே, லிவாவையும் தாண்டி, ஒரு குழாய்ப் பாதைக்கு வழி பார்க்கும் வேலை. நான் சர்வேயர். எனக்குக் கீழே முருகேசன் என்று ஒரு உதவியாள். முதுகுளத்தூர்ப் பக்கம், வயது முப்பத்தைந்து இருக்கும், இரண்டு பெண் குழந்தைகள். டிரைவர் குல், பெஷாவர்க்காரர். கேம்ப்பில் மொத்தம் நாற்பது பேர். எங்கள் மேனேஜர் சென்னைக்காரர், குடும்பத்தோடு அபுதாபியில் இருந்தார். வாரத்துக்கு ஒருமுறை வந்து போவார்.

ஒரு நாள் அவர் வண்டியிலிருந்து ஒரு ஸ்பானியர் இறங்கினார். அறுபதை நெருங்குகிற வயது. உயரம், ஒல்லி, வெயிலில் வெந்த கழுத்து, வெள்ளை மீசை. பாலைவன வழி ஆலோசகர் என்று அவருடைய கார்டில் போட்டிருந்தது.

"இவர் கேப்டன்" என்றார் மேனேஜர். "ஆப்பிரிக்காவுல ஸ்பெயின்காரங்க கையில ஒரு சஹாரா இருந்துது இல்லையா, அங்க ராணுவத்துல இருந்தவர். ஒட்டகப் படை. மேப்ல வெள்ளையா கிடந்த இடமெல்லாம் இவர் போயிருக்கார். இவர் சொல்ற வழியில போங்க."

ஜிபிஎஸ் இருக்கும்போது இப்படி ஓர் ஆள் எதற்கு என்று கேட்பீர்கள். நாம் எங்கே நிற்கிறோம் என்பதை ஜிபிஎஸ் சொல்லும். நம் காலடி மண் நம்மைத் தாங்குமா என்று அதற்குத் தெரியாது. அதற்காகத்தான் அவர்.

சாப்பாட்டு நேரங்களில் கேப்டன் நிறையப் பேசினார். அவர் பேசிய ஆங்கிலம் எங்கள் ஆங்கிலத்தைப் போலவே உடைசலாக இருந்ததால் எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. பதினெட்டு வயதில் படையில் சேர்ந்தது, கோட்டை, ரோந்து, யாரும் பார்க்காத பள்ளத்தாக்குக்குத் தன் பெயரைத் தானே வைத்துவிட்டு வெட்கப்பட்டது. முருகேசன் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். நான் எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு கிணற்றைத் தேடிப்போய்ச் செத்துப்போன ரோந்து ஒன்றைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். முதல்முறை ஒன்பது பேர் என்றார். அடுத்த வாரம் ஏழு பேர். அதற்கடுத்து பதினொரு பேர்.

பிறகு ஒட்டகம். பக்கத்தில் ஒட்டகம் மேய்க்கும் பெதுயின் இனத்துப் பெரியவர் ஒருவர் தன் ஒட்டகங்களை எங்கள் தண்ணீர் டேங்கர் ஒழுகும் இடத்துக்கு ஓட்டிவருவார். அதில் ஒன்று கழுத்தை நீட்டி கேப்டனின் தொப்பியை மோந்து பார்த்தது. ஒட்டகப் படையில் இருந்தவர் இரண்டே எட்டில் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். சட்டென்று சிரித்து, "முதுகு வலி" என்றார். ஒட்டகத்துக்கும் முதுகு வலிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

காலையில் எல்லோரும் டீ குடிக்கும் நேரத்தில் அவர் தனியாக மணல் மேட்டுக்குப் பின்னால் போவார். கேம்ப்பில் ஆளுக்கு ஒரு கதை கட்டினார்கள். உளவாளி என்றான் ஒருவன். யாரை வேலையைவிட்டு அனுப்பலாம் என்று கம்பெனிக்கு எழுதுகிறார் என்றான் இன்னொருவன். நான் ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அவர் நூறு அடி எண்ணி நடந்தார். கையடக்க ஜிபிஎஸ்ஸை எடுத்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு திரும்ப நடந்தார். மறுபடியும் எண்ணினார். பரீட்சைக்குப் படிக்கிற பையனைப் போல இருந்தது. பாலைவனத்தில் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு நடையை எண்ணிப் பழகுவது எதற்கு?

இதையெல்லாம் நான் ரூமில் சொல்வேன். முருகேசனும் மற்றவர்களும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "அண்ணே, இன்னைக்கு கேப்டன் எத்தன பேரக் கொன்னாரு?" என்று கேட்பார்கள். நான் எண்ணிக்கையைச் சொல்வேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருவரைப் பற்றி நமக்கு மட்டும் ஏதோ தெரியும் என்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்துக்காகவே நான் அவரிடம் நேராக எதையும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் கதை முடிந்துவிடுமே.

ஐந்தாவது வாரத்தில் ஒரு சப்காவைக் கடக்க வேண்டி வந்தது. சப்கா என்றால் உப்புச் சமவெளி. மேலே கல்தரை மாதிரி உப்பு இறுகிக் கிடக்கும், கீழே சேறு. எந்த இடத்தில் மேல்தோல் தடிமனாக இருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இது எட்டு கிலோமீட்டர் அகலம். கேப்டன் செயற்கைக்கோள் படத்தை விரித்து, அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். ஓரத்தில் குட்டிக் குட்டி எழுத்தில், 'உறுதியான தரை, நேரில் பார்த்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். போன வாரம் பெதுயின் பெரியவரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்தேன். கோடு அவ்வளவு அழகாக இருந்தது. பிசிறில்லை, நெளிவில்லை. கால்போன இடமெல்லாம் மண்ணைச் சோதித்துக்கொண்டு நடந்தவன் அப்படி ஒரு கோடு போட மாட்டான். அவன் ஒதுங்கியிருப்பான், வளைந்திருப்பான், ஓர் இடத்தில் பின்வாங்கியிருப்பான். இது மேஜைமேல் பிறந்த கோடு. எழுத்தும் அப்படித்தான், இப்படி எழுதுகிறவர்களை நான் டிராயிங் ஆபீஸ்களில்தான் பார்த்திருக்கிறேன்.

பார்த்தேன், மடித்தேன், சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை அந்தக் கோட்டின்மேல் குல்லையும் முருகேசனையும் ஒரு வண்டியில் அனுப்பினேன். அக்கரையில் கம்பம் நட்டுவிட்டு வர வேண்டும். ஒரு மணி நேரத்து வேலை என்பதால் ஒரே ஒரு கூலர் தண்ணீர்தான் ஏற்றினோம். அது ஜூன் மாதம்.

நானும் கேப்டனும் இன்னொரு வண்டியோடு இக்கரையில் நின்றோம். அவர்கள் வண்டி சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியாகி, கானலில் ஆடியது. பிறகு ஆடாமல் நின்றது. ரேடியோ கரகரத்தது.

"அண்ணே, வண்டி முங்கிருச்சு."

"எவ்வளவு முங்கியிருக்கு?"

"நாலு சக்கரமும் உள்ள போயிருச்சுண்ணே. முன்பக்கம் கவுந்து கெடக்கு. கூலர் விழுந்து ஒடஞ்சிருச்சு. தண்ணி பூராம் போச்சு."

தூரத்தைப் பார்த்தேன். மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது. சாட்டிலைட் போனில் அபுதாபியைப் பிடித்தேன். அக்கரையில் மணல்மேட்டுப் பக்கமாகச் சுற்றித்தான் மீட்பு வண்டி வரமுடியும், மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். அப்போது பதினொரு மணி.

நான் வண்டியில் ஏறி சாவியைத் திருகினேன். கோட்டின்மேலேயே போய், கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்பது என் எண்ணம். குல் கோட்டிலிருந்து விலகியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது. கேப்டன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் கை கதவுப்பிடியை விடவே இல்லை. இறங்க நினைக்கிறவர் மாதிரியும் இருந்தது, விழாமல் பிடித்துக்கொள்கிறவர் மாதிரியும் இருந்தது.

அப்போதுதான் கேட்டேன். ஐந்து வாரத்தில் முதல்முறையாக.

"கேப்டன், இந்த வழியில நீங்க நடந்தீங்களா இல்லையா?"

"நான் சஹாராவில் இருந்தபோது…" என்று ஆரம்பித்தார்.

"சஹாராவை விடுங்க. இங்க. இந்த உப்புமேல. உங்க கால் பட்டதா?"

அவர் முன்கண்ணாடி வழியே அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "அந்தப் பெரியவர் கையைக் காட்டி ஏதோ சொன்னார். அவருடைய அரபியில் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஓரத்தில் நின்று பார்த்தேன். பிறகு ரூமுக்கு வந்து கோடு போட்டேன்."

நான் இன்ஜினை நிறுத்தினேன். அந்த 'இல்லை' அரை நிமிடம் தாமதித்திருந்தால் இரண்டாவது வண்டியும் உள்ளே போயிருக்கும். தண்ணீர் இருந்தது இந்த வண்டியில்தான்.

ரேடியோவில் மறுபடியும் முருகேசன்.

"அண்ணே, குல் பாய் மணல்மேடு பக்கத்துலதான் தெரியுதுங்கறாரு. நாங்க நடந்துர்றோம்."

நான் பதில் சொல்வதற்குள் கேப்டன் என் கையிலிருந்து ரேடியோவைப் பிடுங்கினார். "மாஃபி! மாஃபி!" என்று கத்தினார். அரபியில் 'இல்லை' என்று அர்த்தம். போகாதே என்பதற்கு அவர்களுக்குப் புரிகிற ஒரே சொல் அதுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். என்னிடம் திரும்பி, "வண்டியைவிட்டு இறங்கி எங்கேயும் போகக்கூடாது என்று சொல். நிழல் விழுகிற பக்கம் உட்காரச் சொல். அந்த ரோந்தில் வண்டியோடு இருந்த இரண்டு பேர் பிழைத்தார்கள். நடந்தவர்கள்தான் செத்தார்கள். இதை நான் நிச்சயமாகச் சொல்வேன்" என்றார்.

இதையாவது நம்பலாமா? ஒரு நொடி யோசித்தேன். இதுவரை அவர் சொன்ன எதிலும் இல்லாத ஒன்று அந்தக் குரலில் இருந்தது. நான் ரேடியோவை வாங்கி, "முருகேசா, ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது. வண்டியை விட்டு நகர்ந்தா இனிமே நான் உன் முகத்துல முழிக்க மாட்டேன். நான் தண்ணி கொண்டு வர்றேன்" என்றேன்.

"சரிண்ணே" என்றான்.

இரண்டு கேன் தண்ணீரை முதுகில் கட்டிக்கொண்டோம். தரையில் அடிக்கிற இரும்புக் கம்பி ஒன்றைக் கேப்டன் எடுத்துக்கொண்டார். நான் முன்னால் போகப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"கோடு என்னுடையது" என்றார்.

நடக்க நடக்கக் கம்பியால் குத்திப் பார்த்தார். கம்பி நின்றால் ஓரடி. இறங்கினால் பக்கவாட்டில் ஒதுங்கி மறுபடி குத்தல். இரண்டு இடத்தில் முழங்கால்வரை உள்ளே போனார். நான் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். உப்பின் வெளிச்சத்தில் கண் கூசி நீர் வழிந்தது. அந்த நடையில்தான், மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம், துண்டு துண்டாக அவர் தன் வாழ்க்கையைச் சொன்னார்.

ஸ்பெயினின் தெற்கே ஒரு வறண்ட ஊர். பதினெட்டு வயதில் படையில் சேர்ந்ததும் சஹாரா போனதும் நிஜம். ஆனால் கையெழுத்து அழகாக இருந்ததால் அவரைக் கோட்டையின் வரைபட அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். ரோந்து போனவர்கள் கொண்டுவரும் குறிப்புகளைப் பார்த்து வரைபடம் போடுவது வேலை. ஏழு வருடம் அந்த அறையைவிட்டு அதிகம் போகவில்லை. போக ஆசை, கேட்டும் அனுப்பவில்லை. மற்றவர்கள் பார்த்த பள்ளத்தாக்குகளை மையால் மட்டுமே தொட்டார்.

"ஒரு கிணற்றைப் பற்றி இரண்டு பேருடைய குறிப்பு வந்தது. இரண்டுக்கும் நடுவே வெகுதூரம் வித்தியாசம். யாரிடமும் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வட்டம் போட்டேன். அழகான வட்டம்."

கம்பியைக் குத்தி ஓரடி எடுத்து வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"ஒன்பது பேர் போனார்கள். இரண்டு பேர் வண்டியோடு இருந்தார்கள். ஏழு பேர் கிணற்றைத் தேடி நடந்தார்கள். விசாரணை அறிக்கையை நகல் எடுத்து எழுதியதும் நான்தான். என் கையெழுத்து அழகாயிற்றே."

"அப்ப பதினொண்ணு?"

"குடித்திருந்தால் தப்பிப் பிழைத்த இரண்டு பேரை அந்த ஒன்பதோடு இன்னொரு முறை கூட்டிவிடுகிறேன் போலிருக்கிறது" என்றார்.

எழுபதுகளின் நடுவில் ஸ்பெயின் அங்கிருந்து கிளம்பியதும் அவருக்கு வேலை போயிற்று. எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் வேலை கேட்டுப் போனபோது எதிரே இருந்தவன், "நீங்கள்தான் அந்த சஹாரா கேப்டனா?" என்று கேட்டிருக்கிறான். வேறு யாரையோ நினைத்துக் கேட்டான். இவர் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான். அதன்பிறகு எல்லோரும் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள்.

பாதி வழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்கு எப்போது தெரிந்தது?"

"இரண்டாவது வாரம்."

"அதற்குப் பிறகும் மூன்று வாரம் வைத்திருந்தாயா?"

"நீங்க முப்பது வருஷம் வெச்சிருந்தீங்க" என்றேன்.

அவர் கம்பியை அடுத்த இடத்தில் குத்தினார்.

போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. குல் பாய் வண்டியின் நிழலில் முருகேசனைப் படுக்கவைத்து, தன் தலைத்துணியை நனைத்து அவன் நெஞ்சில் போட்டிருந்தார். கண்ணாடி துடைக்கிற வைப்பர் டப்பாவில் இருந்த தண்ணீர். முருகேசன் வாந்தி எடுத்திருந்தான். அவனுடைய பெரிய மகளின் பெயரைச் சொல்லி, கதவைச் சாத்து, கதவைச் சாத்து என்று பிதற்றிக்கொண்டிருந்தான். உடம்பு அடுப்புக் கல் மாதிரி கொதித்தது, வியர்வையே இல்லை. நாங்கள் கொண்டுபோன தண்ணீரில் முக்கால்வாசியை அவன் மேலேயே ஊற்றினோம். கேப்டன் தன் சட்டையைக் கழற்றி விசிறினார். மீட்பு ஆட்கள் மணல்மேட்டுப் பக்கமிருந்து பலகை போட்டு வரும்வரை, அந்த வயதான மனிதர் கையை மாற்றி மாற்றி விசிறிக்கொண்டே இருந்தார்.

முருகேசன் பிழைத்தான். சிறுநீரகம் பழுதானது. வெயிலில் நிற்கிற வேலை இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"சார், ஒரு ஸ்டேட்மென்ட் வேணும். டிரைவர் மார்க் பண்ணின லைனை விட்டு வெளிய போயிட்டான்னு எழுதிக் குடுங்க. அதோட முடிஞ்சிடும். ஆலோசகரைக் கூட்டிட்டு வந்தது நம்ம ஆபீஸ், புரியுதுல்ல?"

"குல் லைன்லதான் சார் போனாரு. ஒரு அடி விலகல."

"நீங்க மூணு கிலோமீட்டர் தள்ளி நின்னீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது. ஆனால் அவர் திட்டம் பலிக்கவில்லை. கேப்டன் முந்தின நாளே ஆறு பக்கம் எழுதி, அபுதாபி ஆபீஸுக்கும் அதற்கு மேலே இருந்தவர்களுக்கும் அனுப்பிவிட்டிருந்தார். கோடு தன்னுடையது, தான் நடக்கவில்லை, நடந்ததாகக் கையெழுத்திட்டது பொய், தான் கேப்டனே இல்லை என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தார். குல் தப்பித்தார். கேப்டனை அந்த வாரமே விமானம் ஏற்றிவிட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது கைகொடுத்தார், நானும் கொடுத்தேன்.

நானும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். டிரைவர் கோட்டில்தான் போனார் என்று எழுதினேன். கோட்டைக் கொடுத்தது ஆலோசகர் என்று எழுதினேன். அந்தக் கோட்டைப் பார்த்தபோதே எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் அதைப் பையில் மடித்து வைக்காதீர்கள். எதிரே இருப்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், சபையில் அவமானப்படுவார் என்று தோன்றினாலும், உங்கள் சந்தேகம் தப்பாகப் போய் நாலு பேர் சிரித்தாலும் கேட்டுவிடுங்கள். ஒரு வரி போதும். நான் கேட்டது ஒரு வரிதான். முந்தின நாள் மேஜையில் வைத்துக் கேட்டிருந்தாலும் அவர் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். யாராவது கேட்க மாட்டார்களா என்று அந்த மனிதர் முப்பது வருடம் காத்திருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

முருகேசன் ஊருக்குப் போவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது. குரல் பழையபடி வந்துவிட்டது. கேப்டன் எழுதிக்கொடுத்த விஷயம் அவனுக்கும் எட்டியிருந்தது. அவரைத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, அந்தக் கோட்டப் பாத்தப்ப ஒங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

நான் சொல்லிவிட நினைத்துத்தான் வாயைத் திறந்தேன்.

"தோணலடா" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "எனக்குத் தெரியும்ணே. தோணியிருந்தா எங்கள அனுப்பியிருக்க மாட்டீங்க."

நர்ஸ் உள்ளே வந்தார். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, சொந்தக்காரர் மட்டும்தான் இருக்கலாம் என்று சொல்லி, நான் அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நான் எழுந்துகொண்டேன். முருகேசன் என் மணிக்கட்டைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தான்.

"அண்ணன்" என்றான். "எங்க அண்ணன்."